சீனப் படத்தில் யாரும் துரும்பு முறிக்கவில்லை

“இதப் பாருங்க மாமா. நம்ம கதை மாதிரியே இருக்குது.”

ஒரு பென் டிரைவோடு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வந்த துண்டுச் சீட்டில் இவ்வளவுதான் எழுதியிருந்தது. தேதி இல்லை. அவளுக்குத் தேதி போடும் பழக்கம் எப்போதுமே கிடையாது. நான்தான் ஓரத்தில் பென்சிலால் குறித்தேன்: கார்த்திகை, இரண்டாம் ஞாயிறு, சாரல், ஆலங்காயம் பஸ்ஸில் வந்த அவளுடைய சித்தி கொடுத்தது. பென் டிரைவில் ஒரே ஒரு சீனப் படம். கீழே ஆங்கில எழுத்து ஓடியது.

அது எங்கள் கதை அல்ல. பார்த்து முடித்ததுமே அவளுக்கு அதை எழுதி அனுப்பினேன். இன்றும் அதையே சொல்கிறேன்.

அவள் என் மாமன் மகள். ஜமுனாமரத்தூரில் தாலுகா ஆபீசுக்கு எதிரே நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சாதிச் சான்றிதழ், பட்டா நகல், ஆன்லைன் விண்ணப்பம், இதுதான் பிழைப்பு. மிச்ச நேரத்தில் படிப்பேன், எங்கள் மலையில் எது எப்போது வந்தது, எது எப்போது போயிற்று என்று குறித்து வைப்பேன். அவள் பிளஸ் டூ முடித்த வருஷம், மலையூர்கள் சில சேர்ந்த நெல்லிவாசல் நாட்டில், எங்கள் ஊர் நாட்டார் முன்னால் இரண்டு வீட்டாரும் வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள். ஊர் வழக்கைத் தீர்த்து வைக்கும் பெரியவரைத்தான் நாட்டார் என்போம். அவர் முன்னால் வெற்றிலை மாறினால் பாதிக் கல்யாணம் ஆன மாதிரி. யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. அதற்கு முன்பே ஒரு வருஷம், சிக்னல் கிடைக்கும் ஒரே பாறையின் மேல், ஒரே இயர்போனை ஆளுக்கு ஒரு காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் நாங்கள்.

பிறகு கீழேயிருந்து வேன் வந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போனுக்குப் பாகம் செய்யும் ஒரு கம்பெனிக்குப் பெண்களை எடுத்தார்கள். எங்கள் பக்கத்து ஊர்களிலிருந்தும் நிறையப் பேர் ஏறினார்கள்.

“ரெண்டு வருஷம் மாமா. ஓடிப் பூடும்,” என்றாள், ஜன்னலிலிருந்து.

இரண்டு வருஷம் ஓடித்தான் போயிற்று. அவள் வரவில்லை. கம்பெனி மெஷின்கள் சீனாவிலிருந்து வந்தவை. மெஷினோடு அதைப் பழுது பார்க்கும் ஆட்களும் வந்தார்கள். அவர்கள் பேச்சில் நாலு வார்த்தை கற்றுக்கொண்டால் லைனில் மரியாதை கிடைக்குமென்று இவள் அவர்களுடைய தொடர்களைப் பார்க்க ஆரம்பித்தாள். அப்புறம் படங்கள். அப்புறம் சென்னையில் ஞாயிற்றுக்கிழமை உலகப் படம் போட்டுப் பேசும் ஒரு கூட்டத்தோடு பழக்கம். லைன் வேலையை விட்டுவிட்டு அவர்களோடேயே ஊர் ஊராகப் படம் போடப் போனாள். பொங்கலுக்கு வருவது நின்றது. அவளுக்குப் பதிலாகப் படங்கள் வந்தன.

ஒன்பது படங்கள் வந்தன. எல்லாவற்றையும் பார்த்தேன், சிலவற்றை இரண்டு தடவை. மொழிபெயர்ப்பாக வந்த கட்டுரைகளைச் சிறுபத்திரிகைகளில் தேடிப் படித்தேன். அந்தப் படங்களை எடுத்தவர்கள் திறமைசாலிகள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எனக்கு ஆகாதது வேறு. எல்லாப் படத்திலும் ஓர் ஊர் இடிக்கப்படுகிறது. மேம்பாலம் வருகிறது, ரயில் வருகிறது, பழைய சந்தை போய்க் கண்ணாடிக் கட்டடம் எழும்புகிறது. அந்தப் புழுதிக்கு நடுவில் ஒருத்தனும் ஒருத்தியும் பிரிந்துபோகிறார்கள். எப்படிப் பிரிந்தார்கள் என்று கேட்டால், காலம் பிரித்துவிட்டது என்கிறார்கள். எந்தக் காலம்? பெட்டியை எடுத்து வைத்தது அவனுடைய கை. பஸ் ஏறியது அவளுடைய கால். மேம்பாலம் யாரையும் பிடித்துத் தள்ளவில்லை. கட்டுரை எழுதுகிறவர்கள் அதை ‘மௌனத்தின் மொழி’ என்று எழுதுகிறார்கள். வாய் இருந்தும் சொல்லாமல் போவதற்கு இவ்வளவு அழகான பேர் கொடுத்தது எனக்குப் பிடிக்கவில்லை.

ஒவ்வொரு படத்துக்கும் என் கருத்தை அவளுக்கு வாட்ஸப்பில் எழுதினேன். “அவன் செல்போனை ஆற்றில் எறிகிறான். கடன் வாங்கி போன் வாங்கினவன் எறிய மாட்டான்.” அதற்குச் சிரிப்புப் பொம்மை அனுப்புவாள். “அவள் ஏன் கடைசியில் திரும்பிப் பார்க்கவில்லை?” பதில் வராது. கொஞ்ச காலம் எங்கள் காதல் இப்படித்தான் நடந்தது. ஒன்பதாவது படத்துக்குப் பிறகு அதுவும் இல்லை.

எங்கள் ஊர்களில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. சேர்ந்தவர்கள் பிரியலாம், அதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் யார் விட்டுப் போகிறார்களோ அவர்கள் நாட்டார் முன்னால் வந்து நிற்க வேண்டும். கையில் ஒரு சாமைத் துரும்பைப் பிடித்து, “இனி எனக்கும் இவங்களுக்கும் ஒண்ணுமில்ல” என்று நாலு பேர் காதில் விழும்படி சொல்லி, முறித்துக் கீழே போட வேண்டும். அவ்வளவுதான். அதன்பிறகு இரண்டு பேரும் யாரை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். விடப்பட்டவன் முறிக்கக் கூடாது என்று தடை எதுவும் இல்லை. முறித்தால் அவன்தான் விட்டான் என்று ஆகிவிடும். நாட்டார் என்னிடம் பல தடவை சொல்லிவிட்டார்.

“நீயே முறிச்சிட்டுப் போயேன்டா. ஒரு துரும்பு தானே.”

“நான் வுடலையே. எப்புடி முறிக்கிறது?”

“ஊருக்குத் தெரியும்டா யாரு போனதுன்னு.”

“இப்ப இருக்கிற ஊருக்குத் தெரியும். பின்னால வர்றவங்களுக்குத் தெரியாது.”

“பின்னால வர்றவன் உன் கல்யாணத்தையா கேட்டுகினு இருக்கப் போறான்?” என்று அவர் எழுந்து போய்விட்டார்.

இது எனக்கு வெறும் மானப் பிரச்சினையாக இருந்தவரை பொறுத்துக்கொண்டேன். போன வருஷம் ஆலங்காயத்தில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு பெண்ணைப் பற்றிப் பேச்சு வந்தது. கணவரை இழந்தவர். இரண்டு முறை கீழே போய்ப் பேசினேன். பேச்சில் மிச்சம் வைக்காதவர், எனக்குப் பிடித்திருந்தது. அவருக்கும் சம்மதம். அவருடைய அண்ணன் மட்டும் ஒன்று கேட்டார். “உங்க மலை வழக்கம் எனக்குத் தெரியுங்க. துரும்பு முறிஞ்சிடுச்சின்னு நாட்டார் ஒரு வார்த்தை சொல்லட்டும். அப்புறம் தேதி வெச்சிக்கலாம்.”

அந்த வார்த்தையை நாட்டார் சொல்ல முடியாது. அதைத் தர வேண்டியவள் சென்னையில் சீனப் படம் போட்டுக்கொண்டிருந்தாள்.

இந்த நிலைமையில்தான் சித்திரை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அவளே என் கடை வாசலில் வந்து நின்றாள். கட்டை முடி, முதுகில் பை, காலில் ஷூ. கூட்டமாக இருந்தது. எல்லாருக்கும் கேட்கும்படி, “அண்ணா, இந்த நோட்டீஸ் ஒரு அம்பது காப்பி வேணும்,” என்றாள்.

முறைப்பையனை அண்ணா என்று கூப்பிட எங்கள் ஊரில் யாருக்கும் நாக்கு வராது. பட்டா நகலுக்கு நின்ற ஒருவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

“யாருக்கு யாரு அண்ணன்?” என்றேன்.

“சென்னையில எல்லாரையும் அப்புடித்தான் கூப்புடுவோம். மரியாதைக்கு.”

“அந்த மரியாதைய அங்கியே வெச்சிக்க.”

நோட்டீசைப் படித்தேன். நெல்லிவாசல் நாட்டில், எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தில், ஞாயிறு மதியம் சீனத் திரைப்படம். ‘மாறும் உலகில் தொலைந்த காதல்’ என்று தலைப்புக் கொடுத்திருந்தாள். அனுமதி இலவசம், அனைவரும் வருக.

“சப்டைட்டில் இங்கிலீஷ்ல இருக்குது,” என்றாள், குரலைத் தாழ்த்தி. “நம்ம சனத்துக்குப் படிக்க வராது. பக்கத்துல உக்காந்து மைக்குல தமிழ்ல சொல்லணும். இங்க அத செய்யறதுக்கு நீங்க ஒருத்தர்தான் கீறீங்க.”

“சொல்றேன். படம் முடிஞ்சதும் நாட்டார் முன்னால துரும்ப முறிச்சிட்டுப் போ.”

“இன்னும் அத விடலையா நீங்க?”

“நீ வுட்டிருந்தா நானும் வுட்டிருப்பேன்.”

“பாக்கலாம்,” என்றாள். நோட்டீசை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பாக்கலாம் என்பதை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

படத்தை முன்கூட்டியே வாங்கிப் பார்த்தேன். ஒன்றும் தப்பிவிடக் கூடாதென்று வசனம் முழுவதையும் தமிழில் எழுதி, எந்த இடத்தில் யார் பேசுவது என்று ஓரத்தில் குறித்தேன். கதை இதுதான். ஒரு சின்ன ஊர் பஸ் நிலையத்தில் ஒரு பெண் டிக்கெட் கொடுக்கிறாள். அவளுடைய ஆள் கடைகளுக்குப் பேர்ப்பலகை எழுதுகிறவன். அவன் தெற்கே ஒரு குடைக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறான். வருஷங்கள் போகின்றன. அவள் தேடிப் போகிறாள். கம்பெனிக்கு எதிரே ஒரு கடையில் இருவரும் நூடுல்ஸ் சாப்பிடுகிறார்கள். ஒரு வார்த்தை பேச்சில்லை. தன் கிண்ணத்தில் இருந்த கறித் துண்டுகளை எடுத்து அவன் கிண்ணத்தில் வைக்கிறாள். மழை பெய்கிறது. அவள் பஸ் ஏறிவிடுகிறாள். அதுதான் பிரிவாம். பிறகு ஊரில் அந்தப் பஸ் நிலையத்தை இடிக்கிறார்கள். அவள் வேறு ஒருவரோடு குடும்பம் நடத்துகிறாள். கடைசியில் புது வணிக வளாகத்தின் நகரும் படியில் அவள் மேலே போகிறாள், அவன் கீழே வருகிறான். ஒருவரையொருவர் பார்த்து லேசாகச் சிரிக்கிறார்கள். முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைந்துவிட்டது. பகல் வெளிச்சம் வராமல் இருக்க, புளி காயவைக்கும் தார்ப்பாய்களை ஜன்னலில் கட்டினோம். இடுக்குகளில் கதிர் அடித்துப் போட்ட சாமைத் தாளைத் திணித்தோம். தரையெல்லாம் துரும்பு. நாட்டார் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவருக்குப் பக்கத்தில் கீழே என் அத்தை ஒருவர் உட்கார்ந்தார். வாய்த்துடுக்குக்குப் பேர் போனவர்.

நான் எழுதியதை எழுதியபடி படித்தேன். பேர்ப்பலகைக்காரன் தெற்கே போகும்போது, “வேன் வந்துச்சா?” என்று யாரோ கேட்டார்கள், சிரிப்பு எழுந்தது. அது வரைக்கும் நன்றாகத்தான் போனது. நூடுல்ஸ் காட்சி வந்தது. எனக்குப் படிக்க ஒன்றுமில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

“கரண்டு பூட்ச்சா? ஏன் பேச மாட்டேன்ற?” என்றார் அத்தை.

“அவங்க பேசலை அத்தை.”

கறித் துண்டுகள் கிண்ணம் மாறின. கூடம் முழுக்க ஒரு திருப்தியான முனகல். தன் தட்டிலிருந்து எடுத்து அவன் தட்டில் வைத்தால் அதற்கு எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான். “சமாதானம் ஆயிட்டாங்க,” என்று அத்தை பின்னால் திரும்பி அறிவித்தார். அவள் பஸ் ஏறியதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. வீட்டுக்குப் போகிறாள், அவன் லீவு போட்டுவிட்டுப் பின்னால் வருவான், அவ்வளவுதான்.

ஆகவே அடுத்த பாதியில் அவள் வேறொருவரோடு ஒரே வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தபோது கூடம் கொதித்தது.

“யாரு இவன்?”

“புருசன் அங்க குடை செஞ்சிகினு கெடக்கறான். இவளுக்கு இன்னா தைரியம்.”

“இது அவ தங்கச்சியா இருக்கும்பா.”

“தங்கச்சி இல்ல, அதே மூஞ்சி, மச்சத்தப் பாரு.”

சிலர் என்னைத் திட்டினார்கள், நடுவில் எதையோ விட்டுவிட்டேன் என்று. நான் எதையும் விடவில்லை. கடைசியில் நகரும் படி வந்தது. இருவரும் சிரித்ததைப் பார்த்ததும் கைதட்டல் விழுந்தது. “கீழ போனவன் சுத்திகினு மேல வந்துடுவான்,” என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கினார். “அந்தப் படி சுத்திகினேதான் இருக்கும். வேலூர்ல பாத்தேன்.” பெரும்பாலோர் மனம் நிறைந்து எழுந்தார்கள். அவர்கள் பார்த்த படத்தில் ஒரு குடும்பம் ஒன்று சேர்ந்துவிட்டது.

அவள் என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள். “இன்னா சொல்லி வெச்சீங்க நீங்க?”

“அவங்க சொன்னத சொன்னேன். சொல்லாதத நான் எப்புடிச் சொல்றது?”

அவள் கூட்டத்தைப் பார்த்துப் பேசினாள். “ரெண்டு பேரும் பிரிஞ்சிட்டாங்க. அந்தச் சாப்பாட்டுக் கடையிலயே பிரிஞ்சாச்சு. அவங்களச் சுத்தி ஊரே மாறுது. அதுல அந்தக் காதல் தொலைஞ்சிபோவுது. அதுதான் படம்.”

“பிரிஞ்சாங்களா?” நாட்டார் உண்மையான குழப்பத்தோடு கேட்டார். “யாரு முறிச்சது?”

“முறிக்க வேணாங்க. அது புரியும்.”

“இன்னாத்த புரியறது,” என்றார் அத்தை. “சொல்லாம பூட்டா, செத்தாளா இருக்காளான்னு அவன் எப்புடித் தெரிஞ்சிக்குவான்? வாயில கொழுக்கட்டையா?”

சிரித்தார்கள். பிறகு சிரிப்பு சட்டென்று நின்றது, ஏனென்றால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்துவிட்டது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பிறகு என்னை.

“படம் கெடக்கட்டும் பாப்பா,” என்றார் நாட்டார். “நீ முறிச்சியா?”

அவள் முகம் கறுத்தது. “நான் இன்னா உங்க ஆட்டுக்குட்டியா, கட்டறதுக்கும் அவுக்கறதுக்கும்? அன்னிக்கி வெத்தல மாத்தசொல்லோ என்னைக் கேட்டீங்களா யாராச்சும்?”

“நான் கேட்டேன்,” என்றேன். “பாறை மேல கேட்டேன். ஆமான்னு சொன்ன.”

“சொன்னேன்.” என்னை நேராகப் பார்த்தாள். “அப்ப சொன்னது நெசம்தான்.”

“இப்ப இருக்கிற நெசத்த சொல்லிட்டுப் போ.”

“ஒம்பது படம் அனுப்புனேனே மாமா. அதுல சொல்லலையா நானு?”

கடையில் அண்ணா என்றவள் இங்கே மாமா என்றாள். அதனால் எனக்கு மனம் இளகவில்லை, கோபம்தான் கூடியது. இத்தனை வருஷம் நான் உட்கார்ந்து வரிவரியாகக் கருத்து எழுதியதெல்லாம் என்னை விட்டுவிட்டதாக எனக்கு வந்த தகவலுக்கா?

“எவளோ ஒருத்தி எந்த ஊர்லயோ பஸ் ஏறினா அது நீ சொன்னதா ஆயிடுமா? அவகூட ஒண்ணும் சொல்லலையே.”

“உங்களுக்குப் படம் பாக்கவே தெரியல,” என்றாள்.

“உனக்கு வாய் தெறக்கத் தெரியல.”

நாட்டார் கையை உயர்த்தினார். இரண்டு பேரும் நிறுத்தினோம். ஜன்னல் இடுக்கிலிருந்து ஒரு சாமைத் துரும்பை உருவி, தன் நாற்காலிக் கைப்பிடி மேல் வைத்தார். “யாராச்சும் ஒருத்தர் எடுங்க,” என்றார். நான் எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. அவள் புரொஜெக்டரைப் பையில் வைத்தாள், வயரைச் சுருட்டினாள், திரையை மடித்தாள். ஷேர் ஜீப் ஹாரன் அடித்தது. ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். கூட்டம் அவளை மறைத்துவிட்டது. கைப்பிடி மேல் இருந்த துரும்பு அப்படியே இருந்தது.

தார்ப்பாய்களை அவிழ்த்தபோதுதான் அத்தை கூப்பிட்டார். வாசற்படிக்கு உள்பக்கம், ஷூ போட்டுக்கொள்ள அவள் நின்ற இடத்தில், ஒரு சாமைத் துரும்பு இரண்டாகக் கிடந்தது.

“முறிச்சிட்டுத்தான் போனா,” என்றார் அத்தை. “நான் பாத்தேன். ஜன்னல்ல இருந்து உருவினா. வாய் அசைஞ்சது.”

“இன்னா சொன்னா?”

“அது கேக்கல. எல்லாரும் பேசிகினு இருந்தீங்களே.”

ஜீப் டிரைவர் மறுநாள் வேறு மாதிரி சொன்னார். “அது போன்ல பேசிகினு நின்னுச்சுங்க. துப்பட்டாவுல ஒட்டுன தாளத் தட்டி வுட்டுச்சு. முறிச்சத நான் பாக்கல.”

நாட்டார் இரண்டு பேரையும் கேட்டார். பிறகு என்னிடம் சொன்னார்: “சொன்னத ஒருத்தராச்சும் கேட்டிருந்தா முறிஞ்சதுன்னு சொல்லிடுவேன். ஒருத்தரும் கேக்கலையே.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “நீ வேணும்னா...” என்று ஆரம்பித்தார். வேண்டாம் என்றேன்.

ஆலங்காயம் போய் அந்தத் தையல்கடைக்காரரிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். மெஷினை நிறுத்தாமல் கேட்டார். “எனக்கு அந்தத் துரும்பு வேணாங்க,” என்றார். “எங்க அண்ணனுக்குக்கூட ஒரு வார்த்தை இருந்தா போதும். உங்களுக்குத்தான் அது வேணும். யாரு முறிச்சதுன்னு தெரிஞ்சிகினு வாங்க. நான் இங்கதான் இருப்பேன், எவ்ளோ நாளுன்னு கேக்காதீங்க.” ஒரு ரவிக்கையின் தையல் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

அவளுக்கு ஒரே வரி எழுதினேன்: “வாசல்ல கிடந்தது நீ முறிச்சதா?” நீல டிக் வந்துவிட்டது. பதில் இல்லை. அவள் மௌனத்துக்கு விளக்கம் எழுதும் வேலையை நான் விட்டுவிட்டேன்.

இரண்டு துண்டுகளும் என் கடை மேஜையில் ஒரு கவருக்குள் இருக்கின்றன. வெளியே குறித்திருக்கிறேன்: சித்திரை, ஞாயிறு, சமுதாயக் கூடம், வாசற்படி. முனைகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றன, ஆகவே ஒரே துரும்புதான். முறிவு புதியது. அன்று அந்தப் படியை மிதித்துக்கொண்டு ஊரே வெளியே போயிருக்கிறது. அது அவள் கையில் முறிந்ததா, யார் காலிலோ முறிந்ததா என்பது இதுவரை உறுதிப்படவில்லை.